மருத்துவர் அருகில்லாதபோது: உப்பும் சர்க்கரையும் நீரும்

ரய் நகரத்துப் பேரறிஞர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீயின் பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது 'அல்ஹாவீ' என்னும் மாபெரும் மருத்துவக் களஞ்சியமே. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டிய அவரது நூலும் பலரால் எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால் அவர் எழுதிய சிறு நூலொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 'மன் லா யஹ்ளுருஹுத் தபீப்' என்பது அதன் பெயர். 'எவரிடம் மருத்துவர் இல்லையோ அவருக்காக' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். மருத்துவரை அழைக்கப் பொருளற்றவரும், மருத்துவர் இல்லாத ஊரில் வாழ்பவரும் தம் வீட்டிலும் அங்காடியிலும் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டு முதலுதவி செய்துகொள்ள உதவும் கையேடு அது. அவருக்குப் பின், கைரவான் நகரத்து இப்னுல் ஜஸ்ஸார் ஏழைகளுக்கான மருத்துவம் குறித்துத் தனி நூலே எழுதினார். அரண்மனைகளுக்கு மருத்துவம் பார்த்த காலத்தில் ஏழையின் அடுப்படியை நினைத்து எழுதிய இம்மரபு நம் கவனத்திற்குரியது.

அர்ராஸீயின் நூலை இன்று ஒருவர் புதிதாக எழுதப் புகுந்தால் முதல் அத்தியாயத்தில் எந்த மருந்தை வைப்பார்? நம் வீட்டு மருந்துப் பெட்டிகளில் காய்ச்சல் மாத்திரை இருக்கிறது. தலைவலித் தைலம் இருக்கிறது. எப்போதோ எழுதித் தரப்பட்டு மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் இருக்கின்றன. உயிர் காக்கும் அவசர மருந்து என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க ஒன்று மட்டும் பெரும்பாலான வீடுகளில் இருப்பதில்லை. சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத்தான் நாம் குறிப்பிடுகிறோம். வாய்வழி நீரிழப்பு ஈடுசெய் உப்பு என்று அதனைத் தமிழில் விரித்துச் சொல்வர். அது பிறந்த வரலாறும், அதனைக் கொடுக்கும் முறையும், கொடுப்பதில் நேரும் பிழைகளும் படித்தவர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டியவை. படித்தவர் வீடுகளிலேயே இது குறித்த அலட்சியம் மிகுதி என்பது நம் கருத்து.

வயிற்றுப்போக்கால் நேரும் மரணம் பெரும்பாலும் கிருமியால் நேரடியாக நேர்வதன்று. உடலிலிருந்து நீரும் உப்பும் வடிந்துபோவதால் நேர்வது. இதற்குக் கொடிய சான்று காலரா. ஹஜ் பயணத்தின் வரலாற்றோடும் இந்நோய் பின்னிக்கிடக்கிறது. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் பரவிய காலரா பல்லாயிரம் ஹாஜிகளின் உயிரைக் குடித்தது. அதன் விளைவாகவே 1866இல் இஸ்தான்புல்லில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. ஹஜ்ஜிலிருந்து திரும்புவோரைத் தடுத்து வைத்துச் சோதிக்க சினாய் கரையில் அத்தூர் என்னுமிடத்தில் இயங்கிய நிலையத்தில், 1905இல் ஒரு புதிய வகைக் காலராக் கிருமி பிரித்தறியப்பட்டது. அவ்வூரின் பெயரையே தாங்கி அது இன்றும் 'எல் டோர்' என அழைக்கப்படுகிறது. 1961இல் இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் தொடங்கி உலகைச் சுற்றிவந்த ஏழாவது காலராப் பெருந்தொற்றுக்குக் காரணம் இக்கிருமியே.

நீர் வடிந்துபோனால் நீரைக் கொடுத்தால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் வயிற்றுப்போக்கின்போது வெறும் நீரைக் குடல் வேண்டிய அளவு ஈர்ப்பதில்லை. உப்பு நீரை மட்டும் கொடுத்தாலும் பயனில்லை. 1831-32இல் பிரிட்டனில் காலரா பரவியபோது, வில்லியம் ஓஷாக்னெஸி என்ற இளம் மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டுரைத்தார். தாமஸ் லாட்டா என்பவர் அதனைப் படித்து, உப்பு நீரை நரம்பு வழியே செலுத்திச் சிலரைப் பிழைக்க வைத்தார். (இதே ஓஷாக்னெஸி பின்னர் கல்கத்தாவுக்கு வந்து மருத்துவப் பேராசிரியராகி, இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைத்தவராக வரலாற்றில் இடம்பெற்றது தனிக்கதை.) நரம்புவழி நீர் செலுத்தும் முறை இருபதாம் நூற்றாண்டில் செம்மையடைந்து காலரா மரணங்களைப் பெரிதும் குறைத்தது. எனினும் அதற்குக் கிருமியற்ற நீர்க்குப்பி, ஊசி, பயிற்சி பெற்ற கை ஆகிய மூன்றும் வேண்டும். காலரா தாக்கிய ஊர்களில் இம்மூன்றும் ஒருங்கே கிடைப்பது அரிதாகவே இருந்தது.

வாய்வழியே கொடுக்கலாம் என்பதற்கான முதல் அடையாளங்களுள் ஒன்று கல்கத்தாவில் தோன்றியது. மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் கொடுத்துப் பெற்ற வெற்றியை 1953இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். உலகம் அதனைக் கண்டுகொள்ளவில்லை. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கான விளக்கம் அப்போது இல்லாததும் அதற்கு ஒரு காரணமாகலாம். 1960இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலார் அவ்விளக்கத்தைத் தந்தார். குடலின் உட்சுவரில் குளுக்கோசையும் சோடியத்தையும் இணைத்தே உள்ளே கொண்டுசெல்லும் வாயில் ஒன்று இருக்கிறது. ஒன்று தனித்து வந்தால் அவ்வாயில் திறப்பதில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் திறக்கிறது. அவற்றின் பின்னே நீரும் உடலுக்குள் செல்கிறது. காலராவின் நஞ்சு குடலிலிருந்து நீரை வெளியே கொட்டச் செய்கிறதேயன்றி, இவ்வாயிலைக் கெடுப்பதில்லை. ஆகவே நோய் உச்சத்தில் இருக்கும்போதும் சர்க்கரையையும் உப்பையும் உரிய அளவில் கலந்து கொடுத்தால் இழந்த நீரை மீட்கலாம்.

இங்கே 'உரிய அளவில்' என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1962இல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் ஃபிலிப்ஸ் நடத்திய சோதனையில், செறிவு மிகுந்த கரைசலைக் கொடுத்ததால் நோயாளிகள் சிலர் உயிரிழந்தனர். அதன்பின் அவர் இம்முறையில் நெடுங்காலம் தயக்கம் காட்டினார். அளவு தவறினால் அதே உப்பும் சர்க்கரையும் நஞ்சாகும் என்பதை மருத்துவ உலகம் உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றது. இப்பாடம் நம் அடுப்படிக்கும் உரியது என்பதைப் பின்னர் காண்போம்.

அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவில் 1960இல் ஒரு காலரா ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டிருந்தது. அங்கே பணியாற்றிய டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்னும் இரு இளம் அமெரிக்க மருத்துவர்கள், ரஃபீகுல் இஸ்லாம் முதலிய வங்காள மருத்துவர்களோடு இணைந்து நடத்திய ஆய்வு 1968இல் வெளியாயிற்று. எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவைக் கணக்கிட்டு வாய்வழியே கொடுத்தால், நரம்புவழி நீரின் தேவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று அவர்கள் காட்டினர். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில், தேர்ந்த செவிலியரின் கண்காணிப்பில் பெற்ற முடிவு. படிப்பறியாத தாய் தன் குடிசையில் இதனைச் செய்ய இயலுமா என்ற வினா எஞ்சி நின்றது.

விடை 1971இல் ஒரு பேரிடரின் நடுவே கிடைத்தது. வங்கதேச விடுதலைப் போரால் இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்து மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாம்களில் குவிந்தனர். மழைக்காலம், காலரா மூண்டது. கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் அங்கிருந்த மருத்துவமனையில் கண்டது, இரண்டே அறைகளில் தரையெங்கும் நோயாளிகள் கிடந்த காட்சி. கழிவின் நடுவே மண்டியிட்டே அவர்களுக்கு ஊசி குத்த வேண்டியிருந்தது. நரம்புவழி நீர்க்குப்பிகளோ தீர்ந்துகொண்டிருந்தன. அந்நிலையில் அவர் ஒரு முடிவெடுத்தார். கல்கத்தாவில் குளுக்கோஸ், சாதாரண உப்பு, சமையல் சோடா ஆகியவற்றை எடைபோட்டுப் பொட்டலங்களாக்கச் செய்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா என்பது கணக்கு. பீப்பாய்களில் அதனைக் கரைத்து வைத்து, நோயாளியின் தாயிடமும் தமையனிடமும் குவளையைத் தந்து, 'இடைவிடாமல் புகட்டுங்கள்' என்று சொல்லிவிட்டார். முன்னர் நூற்றுக்கு முப்பது வரை இருந்த மரணம் 3.6 ஆகக் குறைந்தது. செவிலியர் கையில் இருந்த மருத்துவம் உறவினர் கைக்கு மாறிய அந்நிகழ்வைக் கண்ணால் கண்ட உலகச் சுகாதார நிறுவனத்தின் தீமான் பருவா, அதன் பின்னர் இம்முறையின் பரவலுக்கு அயராது பாடுபட்டார். 2022இல் காலமான மஹலனாபிசுக்கு மறு ஆண்டு பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது. வாழும் காலத்தில் நம் நாட்டில் அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் தலைகுனியத்தான் வேண்டும்.

விடுதலை பெற்ற வங்கதேசம் இதனை வீடுதோறும் கொண்டுசென்ற விதம் வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. ஃபஸ்லே ஹஸன் ஆபித் நிறுவிய பிராக் அமைப்பு, 1980 முதல் 1990 வரை ஒரு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட இல்லங்களுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பியது. பொட்டலம் கிடைக்காத ஊர்கள் அவை. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர் என்பதே பாடம். ஊழியர் கலந்து காட்டிவிட்டுச் செல்வதோடு முடிவதில்லை. தாய் தானே கலந்து காட்ட வேண்டும். சில வாரங்கள் கழித்து வேறொருவர் வந்து அத்தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்று சோதிப்பார். அதற்கேற்பவே ஊழியருக்கு ஊதியம். கற்பித்ததற்கன்றி, கற்றுக்கொள்ளப்பட்டதற்கு ஊதியம்! நம் கல்வி நிறுவனங்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். தொடக்கத்தில் தாய்மார்கள் பாடத்தை ஒப்பித்தார்களேயன்றி வீட்டில் பயன்படுத்தியவர் குறைவாகவே இருந்தனர். காரணத்தைத் தேடியபோது இரு குறைகள் தெரிந்தன. கற்பித்த ஊழியர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இருக்கவில்லை. வீட்டு ஆண்களுக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை. பின்னர் ஊழியர்களுக்கு அறிவியல் விளக்கம் தரப்பட்டது. சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களுக்கு எடுத்துரைக்கப்பட்டது. நிலைமை மாறியது. உலக அளவில் 1980ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 46 இலட்சமாக மதிப்பிடப்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கு மரணம், இன்று பத்தில் ஒரு பங்களவிற்கு வந்திருப்பதில் இம்மருந்தின் பங்கு பெரிது.

இனி, கொடுக்கும் முறைக்கு வருவோம். இன்று வழக்கிலுள்ள கலவை 2002இல் உலகச் சுகாதார நிறுவனம் திருத்தியமைத்தது. ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் என்பது அதன் அளவு. பழைய கலவையினும் செறிவு குறைந்தது. வாந்தியையும் போக்கின் அளவையும் குறைப்பது. கடையில் வாங்கும்போது பொட்டலத்தின்மீது இந்நான்கும் இவ்வளவில் உள்ளனவா என்றும், எவ்வளவு நீருக்குரியது என்றும் படித்துப் பார்த்தல் வேண்டும். ஒரு லிட்டருக்குரிய பெரிய பொட்டலமும், 200 மில்லிக்குரிய சிறு பொட்டலமும் கடைகளில் ஒன்றாகவே அடுக்கப்பட்டிருக்கும். நமக்குத் தெரிந்த குடும்பமொன்றில், லிட்டருக்குரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கரைத்து இரண்டு வயதுக் குழந்தைக்குப் புகட்டிவிட்டனர். குழந்தை குடிக்க மறுத்துத் துப்பியது. அதன் நாக்கு தாயின் கணிப்பைவிடச் சரியாக இருந்தது. செறிந்த கரைசல் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பையும் மூளைப் பாதிப்பையும் உண்டாக்கவல்லது. மணிலாவின் பாடம் இதுவே. 'கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம்' என்று பெரிய பொட்டலத்தைக் கண்ணளவில் பிரிப்பதும் தவறு. பொட்டலம் முழுவதையும், அது கேட்கும் நீர் முழுவதிலும், அளவு தெரிந்த பாத்திரத்தில் ஒரே தடவையில் கரைத்தல் வேண்டும். காய்ச்சி ஆறவைத்த குடிநீரே ஏற்றது. கரைத்தபின் கொதிக்க வைத்தலாகாது. சர்க்கரையோ பாலோ பழச்சாறோ சேர்த்தலாகாது. மூடி வைத்து இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

ஒவ்வொரு முறை போன பின்னரும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு வேண்டுமளவு என்பது பொது விதி. குழந்தைக்குப் பால்புட்டியைத் தவிர்த்துச் சிறு கரண்டியாலோ பாலாடையாலோ புகட்டுதல் நலம். 'கொடுத்தால் வாந்தி எடுக்கிறான்' என்பதே தாய்மார்கள் நிறுத்திவிடுவதற்குச் சொல்லும் காரணம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒரு கரண்டியாகத் தொடர வேண்டும். பெரும்பாலும் தங்கிவிடும். இதில் மருந்தினும் பொறுமைக்கே வேலை அதிகம். நள்ளிரவில் தூக்கத்தோடு போராடும் தாயிடமிருந்து கரண்டியைத் தந்தை வாங்கிக்கொள்வதும் சிகிச்சையின் பகுதியே. தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது. வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது. 'வயிற்றைக் காயப்போடுதல்' என்னும் நம் பழக்கம் குழந்தையை மேலும் நலிவடையச் செய்யும். இத்துடன் துத்தநாக மாத்திரையை, ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராமும், பத்து முதல் பதினான்கு நாள்கள் மருத்துவர் சொற்படி கொடுத்தால் நோயின் கால அளவு குறையும்.

பொட்டலம் கிடைக்காத வேளையில், ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. அரிசியின் மாவுப்பொருள் குடலில் குளுக்கோசாகப் பிரிந்து அதே வாயிலைத் திறக்கிறது. நம் பாட்டிமார்களின் கஞ்சிக்கு டாக்காவின் ஆய்வுகள் சான்றளித்திருக்கின்றன. இளநீரில் பொட்டாசியம் மிகுதி; சோடியம் குறைவு. எளிய நீரிழப்பில் குடிக்கலாம். கடும் போக்கிற்கு அது மாற்றாகாது. குளிர்பானங்களும் பெட்டிகளில் அடைத்த பழச்சாறுகளும் தீங்கே செய்யும். லிட்டருக்கு 100 கிராம் அளவிற்குச் சர்க்கரை கொண்ட பானம் குடலுக்குள் மேலும் நீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். இத்தகைய இனிப்புப் பானங்கள் சில ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளையே பெயரில் தாங்கி மருந்துக் கடைகளில் விற்கப்பட்டுவந்தன. 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவ்வெழுத்துகளை அவை பயன்படுத்தக் கூடாதென ஆணையிட்டது. பெட்டியின் முகப்பை நம்பாது பின்புறத்தைப் படிக்கும் வழக்கம் இனியும் வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் ஓ.ஆர்.எஸ். கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதிலுள்ள குளுக்கோஸ் குறைவே. இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு அருந்தலாம். சிறுநீரக நோயும் இதயச் செயலிழப்பும் உள்ளவர்களுக்கும், மிக நலிந்து மெலிந்த குழந்தைகளுக்கும் அளவு வேறு. அதனை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

போக்கை உடனே நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரையைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுத்தலாகாது. பெட்டியில் மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கும் வேண்டா. பெரும்பாலான வயிற்றுப்போக்கு அதற்குக் கட்டுப்படுவதன்று.

வீட்டு வைத்தியம் எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிதல் கொடுக்கும் முறையை அறிவதற்கு ஒப்பானது. மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், குடித்த அனைத்தையும் வாந்தியெடுத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இன்மை, குழிந்த கண்கள், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்ல மெல்லவே திரும்புதல், அழைத்தால் கண் திறவாத சோர்வு ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும். குடிக்க முடிந்தவரை வழியெல்லாம் புகட்டிக்கொண்டே செல்ல வேண்டும். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது. மயங்கியவருக்கு ஸம்ஸம் நீர் புகட்ட அன்போடு முந்துகிற உறவினரையும் தடுத்தே ஆக வேண்டும். அந்நீர் மூச்சுக்குழலில் இறங்கினால் அதுவே மரணத்திற்கு வழியாகும்.

ரமளானில் இவ்வினா வேறு வடிவில் எழுகிறது. நோன்பிருக்கும் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு மிகுந்தால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பயன்படுத்தி நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றுவதே முறை; உடலுக்குத் தீங்கு நேரும் என்னும் நிலையில் நோன்பைத் தொடர்வதை அறிஞர்கள் ஏற்பதில்லை. சிலர் நோன்பை விட மனமின்றி, 'வாயில் எதுவும் போகவில்லையே' என்று மாலை வரை தாங்கி, டிரிப்ஸ் ஏற்றிக்கொள்கின்றனர். 1997இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் பத்தாவது அமர்வு, தோலிலும் தசையிலும் நரம்பிலும் போடும் ஊசிகள் நோன்பை முறிப்பதில்லை என்று கூறியபோது, ஊட்டம் தரும் நீரை அதிலிருந்து விலக்கியே வைத்தது. ஆக, குளுக்கோஸ் டிரிப்சால் நோன்பு காக்கப்படுகிறது என்ற எண்ணத்திற்கு அத்தீர்மானத்தில் இடமில்லை. பகலெல்லாம் நீரிழந்து சிறுநீரகத்தை வருத்தியதே மிச்சம்.

இத்தனை எளிய மருந்தை நாம் ஏன் கேட்பதில்லை? 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட இந்தியக் குழந்தைகளுள் நூற்றுக்கு அறுபது பேருக்கே ஓ.ஆர்.எஸ். கிடைத்திருக்கிறது. மருத்துவர்களுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் மருத்துவம் பார்ப்போரை ஆராய்ந்து 2024இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இதற்குரிய காரணத்தைத் தேடியது. மருந்து இருப்பின்மையும் இலாப நோக்கும் அதில் முதன்மையாகத் தெரியவில்லை. 'வருபவர்கள் இதனை விரும்புவதில்லை' என்று மருத்துவர்கள் கருதுவதே மிகப் பெரிய காரணமாகத் தெரிந்தது. ஊசியையும் மாத்திரையையும் எதிர்பார்த்து வருபவரிடம் உப்புப் பொட்டலத்தைத் தந்தால் மதிப்புக் குறையும் என்று அவர் எண்ணுகிறார். அவர் எழுதித் தராததால் அது வேண்டியதில்லை போலும் என்று நாம் எண்ணுகிறோம். அதே ஆய்வில், ஓ.ஆர்.எஸ். வேண்டுமென்று வந்தவர் வாய்விட்டுச் சொன்னபோது அது எழுதித் தரப்படுவது கணிசமாக உயர்ந்தது. அடுத்த முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவர்முன் அமரும்போது, 'ஓ.ஆர்.எஸ். எவ்வளவு கொடுக்க வேண்டும், டாக்டர்?' என்று நாமே முதலில் கேட்டுவிடலாம்.